ஆடுகள் நடுவே ஆசனம்

மிஸ்,

நேற்றுக் காலை பரண் மேலிருந்த நீல விரிப்பை எடுத்து மொட்டைமாடிச் சுவரில் உலர்த்தப் போட்டேன். துணி காயப்போட வந்த பக்கத்து வீட்டுப் பெண் அதன் ஓரத்தைப் பார்த்துவிட்டு, "ஐயையோ, எலி கடிச்சிருக்கு மாமி" என்றாள்.

"எலி இல்லம்மா, ஆடு" என்றேன்.

ஸ்ரீரங்கத்து அடுக்குமாடியில் ஆடு எப்படி வந்தது என்று அவள் முகம் கேட்டது. நான் விளக்கவில்லை. வெயில் ஏறியதும் விரிப்பிலிருந்து வாசனை கிளம்பியது. ஆட்டுப் புழுக்கை, வைக்கோல், கொஞ்சம் வேப்பெண்ணெய். எத்தனை முறை அலசியும் போகாத வாசனை. அதை முகர்ந்துகொண்டு நின்றபோது, உங்களுக்குச் சொல்லவேண்டியவை சில மீதமிருப்பது நினைவுக்கு வந்தது.

நாம் பல வருடம் ஒரே பள்ளியில் வேலை பார்த்தோம். ஆனால் அப்போது நம்மைச் சிநேகிதிகள் என்று சொல்ல முடியாது. நான் கணக்கு, நீங்கள் விளையாட்டு. பரீட்சை நெருங்கினால் உங்கள் பீரியடைக் கேட்டு வாங்கிக்கொள்கிறவள் நான். "எடுத்துக்கோங்க டீச்சர். பிள்ளைங்க காலு துருப்பிடிச்சா உங்ககிட்டதான் அனுப்புவேன்" என்று விட்டுக்கொடுப்பவர் நீங்கள். நான் உங்களை மிஸ் என்பேன், நீங்கள் என்னை டீச்சர் என்பீர்கள். ஓய்வு பெற்ற பிறகும் அது மாறவில்லை. இருவருக்கும் பெயர்கள் இருந்தன. கடைசிவரை அவை நமக்குத் தேவைப்படவில்லை.

ஓய்வுக்குப் பிறகு நீங்கள் லால்குடி தாண்டி உங்கள் அப்பாவின் நிலத்துக்குப் போய்விட்டீர்கள். தம்பி வீட்டை ஒட்டி ஒரு சின்ன ஓட்டுவீடு, ஒரு மாடு, சில ஆடுகள், கணக்கில் நிற்காத கோழிகள். கல்யாணம் செய்துகொள்ளாத உங்களுக்கு அது போதும் என்று பள்ளியில் பேசிக்கொண்டார்கள். நான் இங்கே, என் கணவர் இறந்த பிறகு, நெஞ்சில் மூச்சு பாதியில் நின்றுவிடுகிற ஒரு தொல்லையோடு இருந்தேன். டாக்டர்கள் எல்லாப் பரிசோதனையும் செய்து, ஒன்றுமில்லை என்றார்கள். யோகா வகுப்புக்குப் போகச் சொன்னார்கள். போனேன். சுவர் முழுக்கக் கண்ணாடி, புல்லாங்குழல் இசை, இழுத்து மூடிய ஜன்னல்கள். கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டு மூச்சு விடுவது எனக்கு முடியாமல் போனது.

நம்முடன் வேலை பார்த்த ஒருவர் வீட்டுக் கல்யாணத்தில்தான் திரும்ப உங்களைப் பார்த்தேன். மண்டபத்துப் படியேறி வந்து நாற்காலியில் உட்கார்ந்த என்னைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"டீச்சர், நீங்க மூச்ச வெளிய விடவே மாட்டேங்கறீங்க. உள்ள எடம் இருந்தாத்தானே புதுசு போகும்? சனிக்கிழமை நம்ம வீட்டுக்கு வாங்க."

"அங்க வந்து என்ன பண்றது?"

"ஒண்ணும் பண்ண வேணாம். ஒரு பாய் மட்டும் எடுத்துட்டு வாங்க."

பள்ளியில் யோகா சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று உத்தரவு வந்தபோது உங்களைத்தான் பயிற்சிக்கு அனுப்பினார்கள். முணுமுணுத்துக்கொண்டே போனீர்கள் என்பது எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு ஒரு நாளும் நீங்கள் அதை விடவில்லை என்பது அன்றுவரை தெரியாது.

கொள்ளிடம் தாண்டி டோல்கேட்டில் லால்குடி பஸ் பிடித்து, அங்கிருந்து ஆட்டோவில் வந்தேன். கொட்டகைக்கும் தென்னைகளுக்கும் நடுவே நெல் காயப்போடும் சிமெண்ட் களம். அறுவடைக் காலம் தவிர மற்ற நாளில் அது காலி. அங்கே உங்கள் பாய் விரித்திருந்தது. பக்கத்தில் என் புது நீல விரிப்பை விரித்தேன். கோழி ஒன்று உடனே வந்து அதன் மேல் நடந்து பார்த்துவிட்டுப் போனது. பட்டியைத் திறந்துவிட்டிருந்தீர்கள். மேய்ச்சலுக்கு ஓட்டும்வரை ஆடுகள் களத்தில்தான் திரியும். மாடு கொட்டகை ஓரத்தில் கட்டியிருந்தது. லட்சுமி என்று நீங்கள் கூப்பிட்டதும் எனக்கு ஆச்சரியம். சுவரில் மாதா படமும் சிலுவையும் மாட்டிய வீட்டில் லட்சுமியா?

"வாங்கும்போதே அந்தப் பேரோட வந்துடுச்சு டீச்சர். ஞானஸ்நானமெல்லாம் கொடுத்தா திரும்பிப் பாக்காது."

ஆடுகளுக்குப் பெயர் இல்லை. ஏன் என்று கேட்டேன். "அது அப்படித்தான்" என்றீர்கள்.

முதல் மாதங்களில் நான் கற்றுக்கொண்டது அசையாமல் இருப்பதை மட்டும்தான். பூனை மாதிரி நான்கு காலில் நின்று முதுகை மேலும் கீழும் வளைக்கச் சொன்னீர்கள். நின்றேன். யாரோ கனமான பையை முதுகில் வைத்தது போலிருந்தது. ஒரு பெட்டை ஆடு ஏறி நின்றுகொண்டிருந்தது. குளம்புகள் இடுப்புக்கு மேலே ஊன்றின.

"மிஸ்! மிஸ்!"

"அசையாதீங்க. தானா இறங்கிடும். உங்களப் பாறைன்னு நெனச்சிருக்கு. அது பெரிய மரியாதை டீச்சர்."

நீங்கள் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. ஆடு அங்கிருந்து ஊரைப் பார்த்துவிட்டு, இறங்கி, விரிப்பின் ஓரத்தைக் கடித்துத் தின்னத் தொடங்கியது. அதற்குள் என் நெஞ்சில் சிக்கியிருந்த மூச்சு எப்போது வெளியே போனது என்று எனக்குத் தெரியவில்லை.

கடைசியில் சவாசனம். மல்லாந்து படுத்துக் கண்ணை மூடினால் லட்சுமியின் மூச்சு கேட்கும். அசை போடுவது நின்று, ஒரு பெரிய மூச்சு, மறுபடி அசை. "அத கேளுங்க. எண்ணாதீங்க. கணக்கு டீச்சர்னு காட்டாதீங்க" என்பீர்கள். நான் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். பல வாரங்களுக்குப் பிறகு ஒரு சனிக்கிழமை எண்ண மறந்துபோனது. அன்றைக்குக் கண்ணிலிருந்து நீர் வழிந்து காதுக்குள் போயிற்று. என் கணவர் இறந்தபோதுகூட அப்படி வழியவில்லை. ஏதோ சொரசொரப்பாக என் கன்னத்தை நக்கியது. கண் திறந்தால் ஓர் ஆட்டுக்குட்டி. நீங்கள் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டிருந்தீர்கள்.

பாயைச் சுருட்டும்போது, "உப்புக்கு வந்துச்சு டீச்சர். வேற ஒண்ணும் இல்ல" என்றீர்கள்.

அந்தக் குட்டிக்கு மூன்று கால் கறுப்பு, ஒரு கால் வெள்ளை. நான் அதற்கு முக்கால் என்று பெயர் வைத்தேன். நீங்கள் கையிலிருந்த தழைக்கட்டைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தீர்கள். "பேரு வெச்சிட்டீங்களா? சரிதான், போங்க" என்றீர்கள். அந்தச் 'சரிதான்' என்பதை நான் அப்போது பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

முக்கால் கிடாக்குட்டி. மழை முடிந்து பனி வந்து போவதற்குள் நன்றாக வளர்ந்துவிட்டது. நான் ஆட்டோவிலிருந்து இறங்கினால் ஓடிவரும். சவாசனத்தில் என் விலாவை ஒட்டி முதுகைக் கொடுத்துப் படுத்துக்கொள்ளும். அதன் சூடு புடவை வழியாக உறைக்கும். கணவர் போன பிறகு என்னை ஒட்டி யாரும் படுத்ததில்லை. இதை உங்களிடம் சொன்னதில்லை. உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

உங்கள் ஊர் மாதா கோயில் திருவிழா வந்தது. அந்த வாரம் வரவேண்டாம், தேர்பவனி, வீடு முழுக்க உறவுக்காரர்கள் இருப்பார்கள் என்று போனில் சொன்னீர்கள். அடுத்த வாரம் வந்தேன். களம் கூட்டியிருந்தது. ஆடுகள் திரிந்தன. அது மட்டும் இல்லை.

"முக்கால் எங்க?"

நீங்கள் என் விரிப்பை வாங்கி விரித்துக்கொண்டே சொன்னீர்கள். "திருவிழாக் கறிக்குப் போயிடுச்சு டீச்சர்."

எங்கள் வீட்டில் கறி என்றால் வாழைக்காய், சேனை, புடலங்காய். அந்தச் சொல் என் காதுக்குள் பொருளாக மாறச் சற்று நேரம் பிடித்தது.

"நீங்க... தெரிஞ்சேவா?"

"கிடாக்குட்டிய வேற எதுக்கு வளப்பாங்க?"

"என் பக்கத்துல படுத்துண்டு இருந்ததே மிஸ்."

"ஆமா. நல்லாத்தான் இருந்துச்சு. பசியில்லாம, பயமில்லாம இருந்துச்சு." அப்புறம் குரலைத் தாழ்த்தி, "இது பண்ணை டீச்சர். நீங்க வெச்ச பேரு அதுக்குத் தெரியாது. உங்களுக்குத்தான் தெரியும்" என்றீர்கள்.

நீங்கள் கடுமையாகச் சொல்லவில்லை. அதுதான் என்னால் தாங்க முடியாததாக இருந்தது. விரிப்பைச் சுருட்டி எடுத்துக்கொண்டு, பால் வேண்டாம், காபி வேண்டாம் என்று சொல்லி, ரோடுவரை நடந்தே போனேன். நீங்கள் கூப்பிடவில்லை. பின்னால் வரவும் இல்லை.

அதற்குப் பிறகு பல மாதங்கள் நான் வரவில்லை. மறுபடி கண்ணாடிச் சுவர் வகுப்புக்குப் போனேன். "எல்லா உயிர்களும் இன்புற்றிருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டு மூச்சை விடுங்கள்" என்று அந்த மாஸ்டர் சொல்வார். விட்டேன். தவறு ஒன்றும் இல்லை. எல்லா உயிர்களில் ஒன்றுகூட அந்த அறைக்குள் இல்லை, அவ்வளவுதான்.

மழைக்காலத்தில், விடிந்து பால் பாக்கெட் எடுக்கும் நேரத்தில் உங்கள் போன் வந்தது. நலம் விசாரிக்கவில்லை.

"மூத்த ஆடு இன்னிக்கு ஈனும் போல இருக்கு. போன தடவையே ரொம்பக் கஷ்டப்பட்டுச்சு. தம்பி வீட்டுல எல்லாரும் கல்யாணத்துக்குப் போயிருக்காங்க. வர முடியுமா? கை வேணும் டீச்சர்."

உதவி வேண்டும் என்று நீங்கள் சொல்லவில்லை. கை வேண்டும் என்றீர்கள். ஆட்டோ பிடித்தேன். பாலத்தில் போகும்போது கொள்ளிடம் கரை தொட்டு, செம்மண் நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

மூத்த ஆடு என்பது முக்காலின் தாய். கொட்டகைக்குள் சாக்கு விரித்து அதைப் படுக்க வைத்திருந்தீர்கள். எனக்குக் காபி கொடுத்தீர்கள். டம்ளர் டபராவில் மோதிக் கடகடவென்று சத்தம் போட்டது. உங்கள் வலது கை தனியாக எதையோ செய்துகொண்டிருந்தது.

"எப்பலேருந்து மிஸ்?"

"நீங்க வராம போனதுலேருந்து இல்ல, பயப்படாதீங்க. அதுக்கும் முன்னாடியே. டாக்டர் பேரெல்லாம் சொன்னாரு. நடுக்கம் நிக்காதாம். மெதுவா ஏறுமாம்."

நான் ஏதாவது சொல்வதற்குள் ஆடு கத்தியது. பனிக்குடம் உடைந்து நீர் வந்தது. குட்டியின் மூக்கு தெரிந்தது. ஒரு குளம்பு தெரிந்தது. இன்னொன்று வரவில்லை. ஆடு முக்கியது, மறுபடி முக்கியது, அப்புறம் தலையைச் சாய்த்துக்கொண்டது. நீங்கள் கால்நடை டாக்டருக்குப் போன் போட்டீர்கள். அவர் வேறொரு கிராமத்தில் இருந்தார். வர மதியமாகும் என்றார்.

"அதுவரைக்கும் தாங்காது. ஒரு காலு உள்ள மடங்கிக் கெடக்கு. எடுத்து முன்னால விடணும். என் கை உள்ள போனா நடுங்கிக் கிழிச்சிடும். சோப்புப் போட்டு நல்லாக் கழுவிட்டு வாங்க. வளையலக் கழட்டிடுங்க."

மாமிசக் கடை இருக்கும் தெருவில் நடக்கக்கூடாது என்று வளர்க்கப்பட்டவள் நான். கழுவினேன். தேங்காய் எண்ணெயைக் கையில் ஊற்றினீர்கள். முழங்காலிட்டேன். உள்ளே அவ்வளவு சூடு இருக்கும் என்று நான் நினைத்ததில்லை.

"தலைய மெதுவா உள்ள தள்ளுங்க. அது முக்காத நேரம் பாத்து. தள்ளிட்டீங்களா? இப்ப கழுத்தோட போய் தோள்பட்டையத் தேடுங்க. அதுக்குக் கீழ முட்டி இருக்கும்."

"ஒண்ணும் தெரியலயே மிஸ்."

"மூச்ச விடுங்க."

"யார், ஆடா?"

"ஆடு நல்லாத்தான் விடுது. உங்களத்தான் சொல்றேன்."

விட்டேன். விரலில் முட்டி தட்டுப்பட்டது. அதை மடக்கி, குளம்பு தாயின் வயிற்றைக் கீறாதபடி உள்ளங்கையால் மூடி, முன்னால் கொண்டுவந்தேன். அது வந்தது. நீங்கள் ஆட்டின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, நடுங்கும் கையை அதன் விலாவில் வைத்திருந்தீர்கள். அந்த இடத்தில் கை நடுங்கவில்லையோ, ஆடு நடுங்கியதால் தெரியவில்லையோ. அடுத்த முக்கலில் நான் கீழ்நோக்கி இழுக்க, குட்டி வழுக்கிக்கொண்டு என் மடியில் விழுந்தது. மூக்கைத் துடைத்து, வைக்கோல் துரும்பால் சீண்டச் சொன்னீர்கள். தும்மியது. அந்தத் தும்மல்தான் அதன் முதல் மூச்சு. தாய் திரும்பி நக்கத் தொடங்கியது.

நாம் இருவரும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தோம். என் புடவை முழுக்க ரத்தமும் நீரும். அப்புறம் நீங்கள்தான் சொன்னீர்கள்.

"இதுவும் கிடாதான் டீச்சர்."

"பாத்தேன்."

"பேரு வெக்கிறீங்களா?"

கேட்டது நீங்கள் என்பதால் யோசித்தேன். "வேண்டாம் மிஸ்" என்றேன். தலையசைத்தீர்கள். நம் இருவருக்கும் நடுவே இருந்த விஷயம் அதோடு முடிந்துவிட்டது. முக்காலைப் பற்றி அதற்குப் பிறகும் பேசிக்கொள்ளவில்லை.

அந்தக் குட்டியும் களத்தில் வளர்ந்தது. நான் சனிக்கிழமை தவறாமல் வந்தேன். இப்போது ஆசனங்களை நான் செய்ய, நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்தபடி கையை மட்டும் உயர்த்துவீர்கள். உயர்த்திய கை காற்றில் எழுதும். லட்சுமி தலையை நீட்டி அந்த விரல்களை நக்கும். "இவ ஒருத்திதான் பொறுமையா எழுத்தப் படிக்கிறா" என்பீர்கள். உங்கள் அக்கா ஒரு முறை வந்து பார்த்துவிட்டு, "இதெல்லாம் நம்ம வழக்கமே இல்லையே, பங்குச் சாமியார் கேட்டா என்ன சொல்றது?" என்று வருத்தப்பட்டார். "கால நீட்டி உக்காந்திருக்கேன் அக்கா. அதுக்குப் பாவசங்கீர்த்தனம் பண்ணணுமா?" என்றீர்கள். அக்காவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

மறுபடி திருவிழா வந்தது. வரவேண்டாம் என்றீர்கள். வந்தேன். உங்கள் தம்பி கயிற்றோடு காத்திருந்தார். நீங்கள் நாற்காலியிலிருந்து எழுந்து, குட்டியின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, அதன் நெற்றியில் கட்டைவிரலால் சிலுவை வரைந்தீர்கள். கை நடுங்கியதால் அதற்கு நேரமாயிற்று. குட்டி அசையாமல் நின்றது. "ஒவ்வொண்ணுக்கும் அக்கா இத செய்யாம அனுப்பாது" என்று தம்பி என்னிடம் மெதுவாகச் சொன்னார். அப்படியென்றால் முக்காலுக்கும் செய்திருப்பீர்கள். நான் அன்று கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டீர்கள்.

நான் அழவில்லை. சரி என்றும் எனக்குத் தோன்றவில்லை. இன்றும் தோன்றவில்லை. ஆனால் எழுந்து போகாமல் நின்றேன். பந்தியில் எனக்கென்று தனி அடுப்பில் சாம்பார் வைக்கச் சொல்லியிருந்தீர்கள். உங்கள் பக்கத்து இலையில் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் மெதுவாக நடந்தது. டாக்டர் சொன்னபடியே ஏறியது. நடை குறைந்தது, பேச்சு குறைந்தது, முகத்தில் சிரிப்பு வரும் வழி அடைபட்டது. ஆடுகளைத் தம்பியின் பட்டியில் சேர்த்தாயிற்று. லட்சுமியை மட்டும் ஜன்னலுக்கு நேரே கட்டச் சொன்னீர்கள். பேச முடியாத நாட்களில் நான் வந்து, கட்டிலுக்குப் பக்கத்தில் விரிப்பைப் போட்டு, என் பாட்டுக்குப் பயிற்சி செய்துவிட்டுப் போவேன். உங்கள் கண் என்னைத் திருத்தும். தோள் ஏறியிருந்தால் புருவம் சுருங்கும்.

காய்ச்சல் கண்டு நெஞ்சில் சளி கட்டி, திருச்சி ஆஸ்பத்திரியில் சேர்த்து, அங்கிருந்து வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார்கள். ஒரு மத்தியான வேளையில் போனீர்கள். அடக்கத்தன்று காலை நான் வந்தபோது, தம்பி வெள்ளைச் சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டு லட்சுமியிடம் பால் கறந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்துச் சங்கடப்பட்டார்.

"மடி கட்டிக்கும் டீச்சர். அது காத்திருக்காதுல்ல."

"கறங்க" என்றேன். அவர் கறந்து முடிக்கும்வரை பக்கத்தில் நின்றேன். பிறகு கோயிலுக்குப் போனோம்.

போன மாதம் என் அண்ணா இறந்தார். இதே ஸ்ரீரங்கத்தில், வடக்குப் பக்கம் இருக்கும் அவர் வீட்டில். இனி செய்ய ஒன்றுமில்லை என்று சொல்லி டாக்டர்கள் அனுப்பிவிட்டார்கள். உறவுக்காரர்கள் வருவதும், காலைத் தொட்டுவிட்டு அவசரமாகக் கூடத்துக்குப் போய்விடுவதுமாக இருந்தார்கள். அந்த மூச்சின் சத்தம் யாரையும் அறையில் நிற்கவிடவில்லை. அண்ணாவின் பெண் ஸ்பூனும் தீர்த்தமுமாக, டவலை மாற்றுவதும் தலையணையை நகர்த்துவதுமாக ஓடிக்கொண்டிருந்தாள்.

"என்ன பண்றது அத்தை? சொல்லுங்கோ, இன்னும் என்ன பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ண வேண்டாம். இப்படி வந்து பக்கத்துல உக்காரு."

உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன். அண்ணாவின் மூச்சு நின்று, வந்து, நின்று, வந்துகொண்டிருந்தது. நான் எண்ணவில்லை. அதை இழுத்துப் பிடிக்கவும் இல்லை, முடியட்டும் என்று வேண்டவும் இல்லை. சற்று நேரத்தில் அவள் தோள்கள் இறங்கின. அவளுடைய மூச்சும் நிதானப்பட்டது. சாயங்காலம்வரை அப்படியே இருந்தோம். அண்ணா போனது எங்கள் இருவருக்கும் ஒரே சமயத்தில் தெரிந்தது.

காரியங்கள் எல்லாம் முடிந்த பிறகு ஒரு நாள், "உங்களால எப்படி அத்தை அவ்வளவு நேரம் சும்மா உக்காந்திருக்க முடிஞ்சது? எங்க கத்துண்டேள்?" என்று கேட்டாள்.

"லால்குடி பக்கம் ஒரு மாட்டுக் கொட்டகையில" என்றேன்.

அவள் நான் வேடிக்கை பேசுவதாக நினைத்துக்கொண்டாள்.